அந்தப் பச்சை ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்த்தீர்களா?

பினாங்கில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் பச்சை நிறப் பீங்கான் ஸ்டூல் ஜோடி ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். முரசு வடிவம், மேலேயும் கீழேயும் குமிழ் வரிசை, பக்கவாட்டில் காசு போல ஓட்டைகள். கடைக்காரர் "சிங் வம்சத்துப் பொருள், 150 வருஷம்" என்கிறார். (சிங், 1912 வரை சீனாவை ஆண்ட கடைசி அரச வம்சம்.) அது உண்மைதானா, அந்த ஓட்டைகள் எதற்கு, வாங்கினால் தோட்டத்தில் மழையில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறீர்கள். நான்கும் மேல்பக்கமும் முன்பக்கமும்தான். அடிப்பக்கம் ஒன்றிலும் இல்லை. என் முழுப் பதிலும் அங்கேதான் போய் முடியப்போகிறது.

முதலில் ஓட்டையைப் பார்ப்போம். இந்தப் பொருள் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்று தெரிந்துவிட்டால் பழசா புதுசா என்று பார்க்கிற வேலை பாதி முடிந்த மாதிரி.

சீனர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர்களில் இரண்டு முக்கியம். ஒன்று 'கூதுன்', முரசு இருக்கை. மற்றது 'ஷியூதுன்', பூத்தையல் இருக்கை. இரண்டாவது பெயர் வந்தது மேலே விரிக்கும் பூவேலைத் துணியால். பீங்கான் குளிர்ச்சியாக இருக்கும், கோடையில் அது சுகம், மற்ற நாட்களில் ஒரு துணியோ மெத்தையோ போட்டுத்தான் உட்காருவார்கள். சில ஸ்டூல்களின் தலையில் அந்தத் துணியையே ஓவியமாக வரைந்துவைத்திருப்பார்கள், ஓரத்துத் தொங்கல் உட்பட.

சீனர்களும் ஒரு காலத்தில் பாயில் உட்கார்ந்தவர்கள்தான். நாற்காலியும் ஸ்டூலும் மெல்ல மெல்ல வந்து, சோங் காலத்தில் (960–1279) வீட்டுக்குள் நிலைபெற்றன. அதற்கு முந்தைய தாங் காலத்துக் கல்லறைகளில் கிடைத்த சுடுமண் பெண் உருவங்களில் சில, இடை சிறுத்த கூடை மாதிரியான ஓர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். புத்த குகைச் சிற்பங்களிலும் அதைப் பார்க்கலாம். பிரம்பிலோ புல்லிலோ பின்னியது அது. பின்னர் இடை சிறுத்தது போய் வயிறு பருத்தது, கூடை முரசாயிற்று.

முரசு என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. நம் மிருதங்கத்திலும் தவிலிலும் தோலை வாரால் இழுத்துக் கட்டுகிறோம். சீன முரசில் தோலை விளிம்பைச் சுற்றி ஆணி அடித்து இறுக்குவார்கள். ஸ்டூலின் மேலேயும் கீழேயும் ஓடும் குமிழ் வரிசை அந்த ஆணித் தலைகள்தான். பீங்கானில் ஆணிக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் அறுநூறு ஆண்டுகளாக அதை விடாமல் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்தில் சிங்கமுகமும் வாயில் வளையமும் இருந்தால் அதுவும் முரசைத் தூக்கும் வளையத்தின் நகல்தான். இது தெரிந்த பிறகு குமிழ்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்: பழைய நல்ல வேலையில் ஒவ்வொரு குமிழையும் தனியாக ஒட்டியிருப்பார்கள், இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அச்சில் வார்த்ததில் அத்தனையும் ஒரே அச்சாக நிற்கும்.

சரி, ஓட்டை. சூளையில் வேகும்போது உள்ளே சூடாகும் காற்று வெளியேற வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும், அதற்குத்தான் ஓட்டை என்று கடைகளில் சொல்வார்கள். அடியும் மூடியிருந்தால் அது சரி. பெரும்பாலான ஸ்டூல்களில் அடி முழுவதுமோ நடுவிலோ திறந்தே இருக்கிறதே? காற்றுப் போக அது போதும். கனமான களிமண் உள்ளும் புறமும் ஒன்றுபோல உலரவும், எடை கொஞ்சம் குறையவும், இரண்டு விரல் விட்டு நகர்த்தவும் பக்க ஓட்டைகள் உதவுகின்றன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. குளிர்காலத்தில் உள்ளே தணல் வைத்துக்கொள்வார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் கவிழ்த்துப் பார்த்த எதிலும் கரித்தடம் இருந்ததில்லை.

ஓட்டை ஏன் காசு வடிவில் என்பதுதான் அழகான சங்கதி. நடுவில் சதுரத் துளை உள்ள பழைய சீனக் காசு செல்வத்தின் சின்னம் என்பது வெளிப்படை. அதற்குள் ஒரு சிலேடையும் இருக்கிறது. சீனத்தில் காசும் 'சியென்', முன்னால் என்பதும் 'சியென்'. காசின் துளைக்குக் 'கண்' என்று பெயர். வௌவாலுக்கான சொல்லும் நற்பேறுக்கான சொல்லும் 'ஃபூ' என்றே ஒலிக்கும். ஆக, காசுத் துளையின் பக்கத்தில் ஒரு வௌவாலை வரைந்துவிட்டால் "நற்பேறு கண் முன்னே" என்று படித்துக்கொள்வார்கள். உங்கள் படத்தில் காசுக்கு மேலே சிறகு விரித்தாற்போல ஏதோ தெரிகிறது. பட்டாம்பூச்சி என்று நினைத்திருப்பீர்கள், வௌவாலாக இருக்கலாம்.

இப்போது பச்சைக்கு வருவோம். பீங்கானின் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சைக் கிளேஸ் என்றே சொல்லிக்கொள்கிறேன். பச்சை என்றால் எல்லாம் ஒன்றல்ல. செஜியாங் மாநிலத்து லொங்சுவான் சூளைகளின் பச்சை இரும்பால் வருவது. காற்றைக் குறைத்துப் புகையோடு எரிக்கும்போது துளி இரும்பு அந்த மங்கலான, பாசி படிந்த குளத்து நிறத்தைத் தரும். (அந்தப் பச்சையின் உடைந்த ஓடுகள் நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம் வரை கிடைத்திருக்கின்றன. அவை கிண்ணமும் தட்டும், ஸ்டூல் அல்ல.) மிங் காலத்தில் (1368–1644) லொங்சுவானிலும் ஸ்டூல் செய்தார்கள். உங்கள் படத்தில் இருப்பது அந்த நிறமே இல்லை. அது இலைப்பச்சை, ஓரங்களில் வழிந்து தேங்கி அடர்ந்திருக்கிறது. அது செம்புப் பச்சை.

செம்பு ஒரு விசித்திரமான சரக்கு. ஈயம் கலந்த கிளேஸில் போட்டு நல்ல காற்றோட்டத்தில் சுட்டால் இலைப்பச்சை. ஈயத்துக்குப் பதில் வெடியுப்பு போன்ற காரம் சேர்ந்த கிளேஸில் போட்டால் மயில்கழுத்து நீலம். வெள்ளைப் பீங்கானின் உயர்சூட்டுக் கிளேஸில் போட்டுப் புகையடைத்துச் சுட்டால் சிவப்பு. ஈயக் கிளேஸ் 1,000 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். வெள்ளைப் பீங்கானுக்கு 1,300 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், மழைக் கேள்விக்கு இதுதான் பதில் சொல்லப்போகிறது.

மிங் காலத்து ஸ்டூல்களில் என் மனதைக் கவர்ந்தது 'ஃபாஹுவா' வகை. களிக்குழம்பைக் கூம்பிலிருந்து பிழிந்து, கையில் மருதாணி இழுப்பது போல, புடைத்த கோட்டில் தாமரையும் மயிலும் வரைவார்கள். அப்புறம் அந்தக் கோடுகளுக்குள் நீலம், கத்தரிப்பூ நிறம், மஞ்சள் என்று கிளேஸை நிரப்புவார்கள். கோடு வரப்பு மாதிரி நின்று நிறம் கலக்காமல் காக்கும். ஷான்ஷி மாநிலத்திலும், சீனாவின் பெரிய பீங்கான் நகரமான ஜிங்தெஜெனிலும் செய்தார்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம், கடைத்தெருவில் "ஃபாஹுவா" என்று யாராவது நீட்டினால் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

கடைகளுக்கு வருகிற உண்மையான பழைய ஸ்டூல்களில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டின் ஏற்றுமதிச் சரக்கு. ஒரு வகை, ஜிங்தெஜெனில் வெள்ளையாகச் செய்து, ஆற்றிலும் மலைக்கணவாய் வழியாக ஆள்தோளிலுமாகக் குவாங்சோவுக்கு, அதாவது பழைய காண்டனுக்கு, கொண்டுவந்து, அங்கே பட்டறைகளில் வண்ணம் தீட்டியது. கட்டம் கட்டமாக மனிதர்கள், பறவை, பூ, பட்டாம்பூச்சி, இடமே விடாமல் ரோஜா நிறமும் பச்சையும் தங்கமும். அந்த ரோஜா நிறம் தங்கத்தின் நுண்துகளிலிருந்து வருவது, சீனாவில் 1720-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே ரோஜா நிறம் உள்ள ஒரு ஸ்டூலை யாராவது மிங் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இன்னொரு வகை, குவாங்தொங் மாநிலத்திலேயே, ஃபோஷான் அருகே ஷிவான் போன்ற ஊர்களில், பீங்கான் மண் அல்லாத பழுப்புக் களிமண்ணில் செய்து தடித்த கிளேஸ் போட்டது. தெற்குக் கடலோரமெல்லாம் சீனர்கள் குடியேறிய ஊர்களுக்குப் போனதில் இந்த மாதிரி நிறைய. பினாங்குப் பழைய கடைவீடுகளில் பச்சைக் கிளேஸ் போட்ட மூங்கில் வடிவக் காற்றுத் துவாரங்களைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள், நிறத்தில் அவற்றின் உறவுக்காரர் உங்கள் ஸ்டூல்.

எனவே உங்கள் ஊரில் 1870-களின் பச்சை ஸ்டூல் இருப்பது நடக்கக்கூடியதே. கடைக்காரர் சொன்னார் என்பதற்காக அது பொய்யாகிவிடாது. ஆனால் இதே முரசு, இதே காசு, இதே பச்சையில் ஹோட்டல் வரவேற்பறைகளுக்காகவும் தோட்டங்களுக்காகவும் போன தலைமுறை முதல் இன்றுவரை செய்துகொண்டே இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அதனால்தான் கவிழ்க்கச் சொல்கிறேன். நீங்களாகக் கவிழ்க்காதீர்கள், கடைக்காரரையே செய்யச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து கிலோ இருக்கும், கீழே ஒரு மெத்தை போடட்டும். அடி விளிம்பில் கிளேஸ் இருக்காது. சூளையில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க அதைத் துடைத்திருப்பார்கள், வெறும் மண் தெரியும். ஒன்றரை நூற்றாண்டு தரையில் உரசிய விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும், அழுக்கு மண்ணுக்குள் ஊறியிருக்க வேண்டும், அதுவும் தரையைத் தொடும் இடத்தில் அதிகமாகவும் தொடாத இடத்தில் குறைவாகவும். ஈரத் துணியால் அழுத்தித் துடையுங்கள். தேநீரோ சாயமோ பூசிப் பழசாக்கியிருந்தால் துணியில் வந்துவிடும். சீராக ஒரே பழுப்பாக இருக்கும் அடிப்பக்கத்தை நான் நம்புவதில்லை. காலம் அவ்வளவு நேர்த்தியாகப் பெயின்ட் அடிக்காது.

அடுத்து செல்போன் டார்ச்சை உள்ளே விடுங்கள். இந்த அளவுப் பாண்டத்தை ஒரே மூச்சில் வனைவது கஷ்டம். கீழ்ப்பாதி, மேல்பாதி என்று தனித்தனியாக வனைந்து, அரைகுறையாக உலர்ந்த நிலையில் களிக்குழம்பு தடவி ஒட்டுவார்கள். உள்ளே வயிற்றின் நடுவில் அந்த ஒட்டு ஒரு வளையமாகத் தெரியும், கை வைத்தால் தட்டுப்படும். விரல் ஓடிய வரிகளும் இருக்கும். அச்சில் களிக்குழம்பு ஊற்றி வார்த்ததில் உள்சுவர் வழவழவென்று, வெளியில் குமிழ் புடைக்கும் இடத்தில் உள்ளே குழிந்து இருக்கும். அந்தக் குழிவைப் பார்த்துவிட்டால் வேறொன்றும் பார்க்க வேண்டாம், புதுசு. ஆனால் ஒட்டு வளையம் இருந்தாலே பழசு என்று துள்ளவும் வேண்டாம், இன்றும் கையால் வனைகிற பட்டறைகள் சீனாவில் உண்டு.

ஜோடியாக இருப்பது உங்களுக்கு ஒரு வசதி. இரண்டையும் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். அந்த 19-ஆம் நூற்றாண்டு ஏற்றுமதி ஸ்டூல்கள் சுமார் 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். கையால் செய்த ஜோடி ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டராவது வேறுபடும், சூளையில் கொஞ்சம் சாய்ந்தும் இருக்கலாம். மில்லிமீட்டர் பிசகாமல் இரட்டைப் பிள்ளைகளாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

மேல்பக்கம் பார்க்கவே வேண்டாமா என்றால், பாருங்கள், ஆனால் நேராக அல்ல. வெளிச்சம் சாய்வாக விழும்படி நின்று பாருங்கள். உட்கார்ந்தும் பூந்தொட்டி வைத்தும் வந்த கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக, நடுவில் அதிகமாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கீறல் ஒரே திசையில் ஓடும். சிங்கமுகம் இருந்தால் மூக்கும் நெற்றியும் தேய்ந்திருக்க வேண்டும். வண்ணப்படம் உள்ளதாக இருந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள், அச்சிட்ட ஸ்டிக்கர் என்றால் பத்திரிகைப் படம் போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

முத்திரை தேடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டு ஏற்றுமதி ஸ்டூல்கள் பெரும்பாலும் எந்த முத்திரையும் இல்லாமல்தான் வந்தன. அடியில் கம்பீரமாகப் பதினெட்டாம் நூற்றாண்டுச் 'சியென்லொங்' பேரரசரின் முத்திரை இருந்தால் அது பொருளின் வயதைக் கூட்டாது, என் சந்தேகத்தைத்தான் கூட்டும். ஆங்கிலத்தில் 'சைனா' என்று இருந்தால் அது வேறு விதமான சாட்சி. 1890-இல் வந்த அமெரிக்கச் சுங்கச் சட்டம், 1891 மார்ச் முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. எனவே 'சைனா' என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'மேட் இன் சைனா' என்றால் இன்னும் பிந்தியது. ஆனால் பினாங்குக்கு வந்த சரக்குக்கு அமெரிக்கச் சட்டம் எதற்கு? எழுத்து இல்லை என்பதை வைத்து "1891-க்கு முந்தியது" என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கு உங்கள் ஊரில் செல்லாது.

உடைசல் பார்ப்பதை விடாதீர்கள். நான் இதில் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் நீல வெள்ளை ஸ்டூல் ஒன்றை, அடி பார்த்து, உள்ளே பார்த்து, பழசுதான் என்று உறுதி செய்து மிதப்பாக வாங்கிவந்தேன். பழசுதான், அதில் தப்பில்லை. வீட்டுக்கு வந்து ஈரத்துணி போட்டுத் துடைத்த மூன்றாம் மாதம் ஒரு பக்கத்துக் காசு ஓட்டையின் ஓரத்தில் நீலம் கையோடு வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு உடைந்து, மாவு வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்து வார்னிஷ் போட்டிருந்தார்கள். பாட்டி சந்தையில் சட்டி வாங்கும்போது விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதை வைப்பாள். நான் அதை மட்டும் செய்யவில்லை. விரிசல் இல்லாத வெள்ளைப் பீங்கான் கணீரென்று பேசும், உடைந்து ஒட்டியது தொண்டை கட்டினாற்போல. பழுப்புக் களிமண் ஸ்டூலின் குரல் இயல்பிலேயே கனம்தான், அதனால் உங்கள் ஜோடியை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுத் தட்டிப் பாருங்கள். காசு ஓட்டையின் கூர்மூலைகள்தான் விரிசல் தொடங்கும் இடம். எட்டு மூலை என்றால் எட்டையும் நகத்தால் தடவுங்கள். புறஊதா டார்ச் கிடைத்தால் இருட்டில் அடித்துப் பார்க்கலாம், பிசினும் புதுப் பெயின்டும் பல சமயம் சுற்றியுள்ள கிளேஸிலிருந்து தனித்து ஒளிரும்.

மழையில் வைக்கலாமா? உயர்சூட்டில் வெந்த வெள்ளைப் பீங்கானை வைக்கலாம், அது நீர் குடிக்காது. பினாங்கில் பனி உறைவதும் இல்லை. உங்களுடையது ஈயக் கிளேஸில் வந்த செம்புப் பச்சை போலத் தெரிகிறது. அந்தக் கிளேஸ் கீழுள்ள மண்ணோடு முழுதும் ஒட்டி இயங்காது, மயிரிழை விரிசல் விடும். அதன் வழியாகவும் கிளேஸ் இல்லாத அடி விளிம்பு வழியாகவும் நீர் உள்ளே போகும். உலரும்போது மண்ணிலுள்ள உப்பு வெள்ளையாகப் பூத்து, நாளடைவில் கிளேஸைச் சில்லுச் சில்லாகத் தள்ளிவிடும். கடைவீட்டு முன்புற நடைபாதையான அஞ்சடியிலோ கூரை உள்ள வராந்தாவிலோ வையுங்கள், அது போதும். வெளியேதான் வேண்டுமென்றால் வெறும் மண்ணில் வைக்காமல் கல்மேல் வையுங்கள். அடி மூடிய வகையாக இருந்தால் ஒன்று கட்டாயம்: ஓட்டை வழியே இறங்கும் மழைநீர் உள்ளே தேங்கும், டெங்கு கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. வாரம் ஒருமுறை கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள்.

துடைக்கச் சாதாரண சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் எதுவும் கிட்டே போகக் கூடாது, ஈயக் கிளேஸை அமிலம் அரித்து மங்கடித்துவிடும். பிளீச்சும் வேண்டாம். தூக்கும்போது அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். காசு ஓட்டையில் விரல் விடுவது வெறும் ஸ்டூலை அரை அடி நகர்த்துவதற்கு மட்டும். விரிசல் இல்லாவிட்டால் தாராளமாக உட்காரலாம், அதற்காகத்தான் செய்தார்கள்.

விலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. ஜோடியின் விலை ஒற்றையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போகும். ஆகவே ஜோடி என்று சொல்லி விற்கும்போது இரண்டும் கூடவே பிறந்தவையா, பின்னால் சேர்த்துவைத்தவையா என்பதையும் பாருங்கள். மண்ணின் நிறம், குமிழ்களின் எண்ணிக்கை, ஓட்டை வெட்டிய கை, இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். குமிழ்களை எண்ணுவது கடைக்காரருக்கு எரிச்சலாக இருக்கும், எண்ணுங்கள்.

அடுத்த முறை போகும்போது அடி விளிம்பு, உள்சுவர், காசு ஓட்டையின் மூலை, மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். மேல்பக்கப் படம் இனி வேண்டாம்.